மானிடமிருந்து தோட்டத்தைக் காப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரவு படுக்கப் போகும்போது தளதளவென்று நின்ற அவரைக்கொடி, காலையில் வெறும் குச்சியாக நிற்பதைப் பார்த்தவர்களுக்காக எழுதியது இது. மான்தான் இங்கே முதல் எதிரி. முயல், முள்ளம்பன்றி, காட்டுப்பன்றி, குரங்கு, பறவைகள் ஆகியவற்றுக்கும் இடம் ஒதுக்கியிருக்கிறேன். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வேலியும் வலையும்தான் காவல். தெளிப்பு, ஓசை, ஒளி, பொம்மை எல்லாம் கடன்காரனிடம் தவணை கேட்பது போலத்தான். சில நாள் கிடைக்கும். பிறகு அவன் மறுபடி வாசலில் நிற்பான்.

இரவோடு இரவாகச் செடிகளை ஏதோ மேய்ந்துவிட்டது. மான்தான் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கடிபட்ட நுனியைப் பாருங்கள். மானுக்கு மேல்தாடையில் முன்பற்கள் கிடையாது. அந்த இடத்தில் தடித்த ஈறுதான் இருக்கிறது. இலையைக் கீழ்ப்பற்களுக்கும் ஈறுக்கும் நடுவே பிடித்து வெடுக்கென்று இழுக்கும். அதனால் காம்பு பிய்ந்து, நார் நாராக நிற்கும். முயலுக்கு மேலும் கீழும் கூரிய வெட்டுப்பற்கள் உண்டு. கத்தியால் சாய்வாகச் சீவியதுபோல் வெட்டு சுத்தமாக விழும். இந்த ஒரு வேறுபாடு தெரிந்தால் பாதி வழக்கு முடிந்துவிடும்.

அடுத்தது உயரம். முயல் பின்னங்கால்களில் நின்றாலும் ஏறக்குறைய 60 சென்டிமீட்டருக்கு மேல் எட்டாது. இடுப்புக்கும் தோளுக்கும் நடுவிலுள்ள தளிர்கள் மட்டும் வரிசையாகக் காணாமல் போயிருந்தால் மானைச் சந்தேகிக்கலாம். புழுக்கையும் சாட்சி சொல்லும்: முயலுடையது உருண்டை, மானுடையது சற்று நீண்டு, பெரும்பாலும் ஒரு முனை குழிந்தோ கூர்ந்தோ இருக்கும்.

தடம் கிடைக்கவில்லை என்றால் மாலையில் பாத்தியைச் சுற்றியுள்ள மண்ணைக் கிளறிச் சமப்படுத்திவிட்டுத் தூங்கப் போங்கள். இரண்டாகப் பிளந்த, இதயம் போன்ற குளம்புத் தடம் காலையில் பதிந்திருக்கும்; கூர்முனை எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் போயிருக்கிறது என்று பொருள். பன்றியின் தடமும் பிளந்ததே. ஆனால் அதற்குப் பின்னால் இரண்டு சிறு பொட்டுகள் அகன்று விழும்.

மண் ஏர் உழுததுபோல் புரண்டிருந்தால் பன்றி. கிழங்கை மட்டும் தோண்டித் தின்று, பக்கத்தில் ஒரு முள்ளை உதிர்த்துவிட்டுப் போயிருந்தால் சொல்லவே வேண்டியதில்லை. நாற்று தரையோடு அறுபட்டு, தின்னப்படாமல் அப்படியே சாய்ந்து கிடந்தால் அது விலங்கே அல்ல, வெட்டுப்புழு. அதற்குப் போய் எட்டடி வேலி போட்டவர்களும் உண்டு.

இத்தனை வருடம் வராத மான் இப்போது ஏன் வருகிறது?

உங்கள் தோட்டம் காட்டைவிட ருசியானது என்பதுதான் காரணம். தண்ணீரும் உரமும் கண்டு வளரும் செடியில் தழைச்சத்து அதிகம், நார் குறைவு. வறட்சியிலோ கடுங்குளிரிலோ காட்டில் பச்சை குறையும்போது இந்த வேறுபாடு இன்னும் பெரிதாகிறது. பக்கத்துப் புதர்க்காட்டை யாராவது வெட்டிக் கட்டடம் எழுப்பியிருக்கலாம்; மானைத் துரத்தும் வேட்டை விலங்குகளும் குறைந்திருக்கலாம். குடியிருப்பின் ஓரம் மானுக்குப் பிடித்த இடம்: ஒளிந்துகொள்ளப் புதர், பக்கத்திலேயே பந்தி.

ஒரு முறை வந்து நன்றாகச் சாப்பிட்ட மான் அந்த வழியை மறப்பதில்லை. ஆகவே வேலி போடுவதாக இருந்தால் நாற்று நடுவதற்கு முன்பே போடுங்கள். பழக்கம் ஏற்பட்ட பிறகு அதே வேலி அரைப் பலன்தான் தரும்; உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துவிட்ட மான், வழி தேடிச் சுற்றிவரும்.

வேலி எவ்வளவு உயரம் இருக்க வேண்டும்?

எந்த மான் என்பதைப் பொறுத்தது. கேளையாடு போன்ற சிறிய மானுக்கு ஒன்றரை மீட்டர் போதும். பெரிய செம்மானுக்கு 1.8 மீட்டர் என்பது பிரிட்டனில் வழக்கமான அளவு. வட அமெரிக்காவின் வெண்வால் மான் தாவுவதில் கெட்டிக்காரன், அதற்கு 2.4 மீட்டர், அதாவது எட்டடி பரிந்துரைக்கிறார்கள். எது வருகிறது என்று தெரியாவிட்டால் எட்டடியைக் கணக்கில் வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் உயரத்தைப் பற்றி மட்டுமே எல்லோரும் கேட்கிறார்கள். அடிப்பக்கத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை. அமைதியாக இருக்கும் மான் வேலியைத் தாண்டுவதைவிட நுழைவதையே முதலில் முயலும். தரைக்கும் வேலிக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி இருந்தால் முழங்காலை மடக்கித் தலையை விட்டு, உடலையும் இழுத்துக்கொண்டு போய்விடும். மேடு பள்ளமான நிலத்தில் பள்ளத்தின் மேல் வேலி பாலம்போல் நிற்கும். அந்த இடம்தான் நுழைவாயில். வலையைத் தரையோடு இழுத்து, முளையடித்து இறுக்குங்கள். வலையின் கீழ்ப்பகுதியை ஒரு முழம் வெளிப்பக்கமாக மடித்துத் தரையில் படுக்கவைத்தால் முயலுக்கும் சேர்த்துத் தடை.

மூன்றாவது, கதவு. மூன்று பக்கம் கோட்டை கட்டிவிட்டு நான்காவது பக்கத்தில் மார்பளவுக் கதவு வைத்த தோட்டங்களைப் பார்த்திருக்கிறேன். வேலியின் உயரம் என்னவோ அதுதான் கதவின் உயரமும். தானாக மூடிக்கொள்ளும் கீல் வைத்தால் நல்லது, ஏனெனில் கதவைத் திறந்துபோட்டுவிட்டுப் போவது மான் அல்ல, நாம்தான்.

கறுப்பு நிற நெகிழி வலை விலை குறைந்தது, தூரத்தில் கண்ணுக்கும் தெரியாது. அந்தத் தெரியாமைதான் சிக்கல். ஓடிவரும் மான் அதில் மோதிக் கிழித்துவிடும். முதல் சில வாரங்களுக்கு மார்பளவு உயரத்தில் வெள்ளைத் துணிப் பட்டைகளைக் கட்டிவிடுங்கள். சிவப்பைக் கட்டிப் பயனில்லை: மானின் கண்ணுக்கு நீலமும் மஞ்சளும் தெரியும், சிவப்பு மங்கலாகத்தான் தெரியும். முயலும் எலியும் நெகிழி வலையைக் கடித்து ஓட்டை போடும் என்பதால் கீழே இரண்டடிக்குக் கம்பி வலை சேர்ப்பது வேலையை ஒரேயடியாக முடிக்கும்.

எட்டடி வேலிக்கு வசதியும் இல்லை, அனுமதியும் இல்லை. வேறு வழி?

இருக்கிறது. மானால் உயரமாகவும் தாவ முடியும், தூரமாகவும் தாவ முடியும். இரண்டையும் ஒரே தாவலில் செய்வதுதான் கடினம். இந்தப் பலவீனத்தைப் பிடித்துக்கொண்டால் தாழ்ந்த வேலியே போதும்.

நாலு, நாலரை அடி உயரத்தில் இரண்டு வேலிகளை நாலைந்து அடி இடைவெளி விட்டு இணையாகப் போடலாம். முதல் வேலியைத் தாண்டினால் இறங்கிநிற்க இடம் போதாது, இரண்டையும் சேர்த்துத் தாண்டத் தூரம் அதிகம். பார்த்துவிட்டுத் திரும்பிப் போகும். நடுவிலுள்ள சந்தில் கோழி வளர்த்தால் புழு பூச்சிக்கும் காவல். இன்னொரு முறை, வேலியை வெளிப்பக்கமாக 45 பாகை சாய்த்துக் கட்டுவது. அடியில் வந்து நிற்கும் மானுக்கு அது அகலமாகத் தெரியும்.

ஊடே பார்க்க முடியாத பலகை வேலி அல்லது சுவர் என்றால் ஆறடியே பல இடங்களில் போதும். எங்கே போய் இறங்கப் போகிறோம் என்று தெரியாத இடத்தில் மான் குதிக்கத் தயங்கும்.

சிறு தோட்டக்காரர்களுக்கு நான் சொல்வது வேறு. தோட்டம் முழுவதையும் காக்க வேண்டாம். நான்கு பாத்தியை மட்டும் சுற்றி, குறுகிய செவ்வகமாக அடைத்துவிடுங்கள். நெருக்கமான இடத்துக்குள் குதிக்க மானுக்குப் பிடிக்காது. தப்பி ஓட இடம் இல்லையே என்ற அச்சம். அதனால் சிறு அடைப்புக்கு ஐந்தடி வேலிகூடப் பெரும்பாலும் தாங்கும். மீதித் தோட்டத்தில் மான் தொடாத செடிகளை வைத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம்.

வேலியே கண்ணில் படக் கூடாது என்று நினைத்த பழைய இங்கிலாந்துச் சீமான்களின் உத்தி வேடிக்கையானது. மாளிகைப் புல்வெளியின் ஓரத்தில் பள்ளம் வெட்டி, வீட்டுப் பக்கம் செங்குத்தான சுவரும் மேய்ச்சல் பக்கம் சரிவுமாக விட்டார்கள். வீட்டிலிருந்து பார்த்தால் தடை எதுவும் இல்லாததுபோல் புல்வெளி நீளும். மேய்ந்துகொண்டு வரும் ஆடு, மாடு, மானுக்குத்தான் தெரியும் அங்கே சுவர் இருப்பது. தெரியாமல் நடந்து போய் விளிம்பில் நிற்பவர்கள் வியந்து எழுப்பும் 'ஹா ஹா' ஒலியே அதற்குப் பெயராகிவிட்டது என்பார்கள்.

மின்வேலி போடலாமா?

போடலாம், அதற்கென்றே செய்யப்பட்ட மின்வேலிக் கருவியோடு மட்டும். அந்தக் கருவி பல ஆயிரம் வோல்ட் அழுத்தத்தை, ஏறக்குறைய வினாடிக்கு ஒரு முறை, கண்ணிமைக்கும் நேரத்தைவிடக் குறைந்த துடிப்பாகத்தான் அனுப்பும். சுருக்கென்று வலிக்கும், உயிரை எடுக்காது. வீட்டு மின்சாரத்தை நேரடியாகக் கம்பியில் இணைப்பது வேலி அல்ல, கொலைப்பொறி. விலங்கு மட்டுமல்ல, தண்ணீர் பாய்ச்ச வந்தவர், பந்தை எடுக்க வந்த குழந்தை என்று யாரும் அதில் சாகலாம். பல நாடுகளில் இது சிறைக்குக் கொண்டுபோகும் குற்றம். இந்த ஒன்றில் விட்டுக்கொடுக்க இடமே இல்லை.

மானின் உடலை அடர்ந்த ரோமம் மூடியிருக்கிறது. உடலில் பட்டால் மின்னதிர்வு சரியாக ஏறாது. மூக்கிலோ நாக்கிலோ பட வேண்டும். அதற்காக வட அமெரிக்காவில் கம்பியில் அலுமினியத் தாளை மடித்துத் தொங்கவிட்டு, உட்புறம் நிலக்கடலை வெண்ணெய் தடவுகிறார்கள். மணம் பிடித்து வந்து நக்கும் மான் ஒரே பாடத்தில் கற்றுக்கொள்கிறது. வேலி கட்டிய முதல் இரவிலிருந்தே மின்சாரம் ஓட வேண்டும். நாலு நாள் சும்மா நின்ற வேலியை மான் மதிப்பதில்லை. புல் வளர்ந்து கம்பியைத் தொட்டால் மின்சாரம் மண்ணுக்குள் போய்விடும் என்பதால் அடியைச் சுத்தமாக வைத்திருப்பது தொடர் வேலை.

மான் தொடாத செடி எது?

பசித்த மான் தொடாத செடி எதுவும் இல்லை. கடைசியாகத் தொடும் செடிகள் உண்டு. கடுமையான மணம் உள்ளவை: ரோஸ்மேரி, லாவெண்டர், புதினா, துளசி, வெங்காயம், பூண்டு. நச்சுத்தன்மை உள்ளவை: அரளி, டாஃபோடில். பால் வடியும் கள்ளி வகைகள், சொரசொரப்பும் ரோமமும் மூடிய இலைகள், பெரணி, அலங்காரப் புற்கள் ஆகியவற்றையும் பெரும்பாலும் விட்டுவிடும். அரளி மானுக்கு மட்டும் நஞ்சல்ல. சிறு குழந்தைகள் இருக்கும் வீட்டில் யோசித்து நடுங்கள்.

விரும்பித் தின்பவை என்று பார்த்தால் அவரை, பட்டாணி, கீரைகள், சர்க்கரைவள்ளிக் கொடி, செம்பருத்தி, ரோஜா. முள் இருக்கிறதே என்று ரோஜாவை நம்பாதீர்கள். நீண்ட நாக்கும் அசையும் உதடும் முட்களுக்கு நடுவிலிருந்து மொட்டை மட்டும் பறித்துக்கொள்ளும்.

மணமுள்ள செடிகளை ஓரமாகச் சுற்றி நட்டால் உள்ளே இருப்பது தப்பிக்கும் என்று பலர் நம்புகிறார்கள். மணம் சுவராகாது, மான் அவற்றைக் கடந்துபோய் அவரையைத் தின்னும்.

முட்டைக் கரைசல், மிளகாய், சோப்பு, தலைமுடி: எது வேலை செய்யும்?

நான் வைக்கும் வரிசை இதுதான்: முட்டை, மிளகாய், சோப்பு, தலைமுடி. தலைமுடியைக் கடைசியில் வைத்ததுகூடத் தாராளம். மனித வாடைக்குப் பழகிய மான் முடியைத் தாண்டித்தான் போகும்.

அழுகிய முட்டையை அடிப்படையாகக் கொண்ட தெளிப்புகள் ஒப்பீட்டுச் சோதனைகளில் திரும்பத் திரும்ப முன்னணியில் வந்திருக்கின்றன. அழுகும் புரதத்தின் கந்தக வாடை தழையுண்ணிகளுக்கு ஆபத்தின் வாடை. வீட்டிலும் செய்யலாம்: முழு முட்டை ஒரு பங்கு, தண்ணீர் நான்கு பங்கு. மஞ்சள்கருவோடு ஒட்டியிருக்கும் வெள்ளைத் திரியை எடுத்துவிட்டு அடித்துக் கலக்கி வடிகட்டினால் தெளிப்பான் அடைக்காது. மாதம் ஒரு முறை, பெருமழைக்குப் பிறகு உடனே, புதுத் தளிர் வந்ததும் மறுபடி. நேற்றுத் தெளித்த இலை பாதுகாப்பாக இருக்கும், இன்று முளைத்த தளிர் இருக்காது. மானுக்கு வேண்டியது தளிர்தானே. உண்ணப்போகும் கீரை, காய் மீது இதைத் தெளிக்காதீர்கள்.

மிளகாயின் காரம் வாயில் பட்ட பிறகுதான் உறைக்கும். எனவே முதல் கடி எப்படியும் போய்விடும். பாலூட்டிகளுக்குத்தான் இந்தக் காரம். பறவைகளின் நரம்பு உணர்வி இந்த வேதிப்பொருளுக்கு எதிர்வினை காட்டுவதில்லை. மயிலுக்கும் கிளிக்கும் மிளகாய்த்தூள் தூவுவது வீண்.

விலங்குக் கொழுப்பில் செய்த சோப்பைக் கிளையில் தொங்கவிட்டால் சுற்றிலும் ஒரு மீட்டர் வரை ஓரளவு பலன் தரும். ஒரு மரத்துக்கு ஒன்றென்றால் சரி, தோட்டத்துக்கு ஒன்றென்றால் வேடிக்கை. அந்துருண்டையை மட்டும் தோட்டத்தில் போடவே கூடாது. அதிலுள்ள நாப்தலீன் மண்ணுக்கும் தண்ணீருக்கும் தீங்கு. மிட்டாய் என்று குழந்தை எடுத்து வாயில் போட்டுக்கொள்ளும் ஆபத்து வேறு.

எந்தத் தெளிப்பானாலும் ஒன்றையே தொடராமல் மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். சேதம் தொடங்கிய பிறகு அல்ல, தொடங்குவதற்கு முன்பே. கடும் பஞ்ச காலத்தில் எதுவுமே நிற்காது.

மீயொலிக் கருவி வாங்கலாமா?

வேண்டாம். நம் காதுக்குக் கேட்காத ஒலியால் விலங்கை விரட்டுவதாக விற்கப்படும் இந்தக் கருவிகளின் பலனுக்கு நம்பத்தகுந்த ஆதாரம் மிகக் குறைவு. 2001இலேயே அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம், பூச்சி, எலி விரட்ட இத்தகைய கருவிகளைச் செய்து விற்ற 60க்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்கு, உங்கள் விளம்பரத்துக்கு அறிவியல் ஆதாரம் வேண்டும் என்று எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது.

சோளக்கொல்லைப் பொம்மை, வானொலி, மினுங்கும் தட்டு, அசைவைக் கண்டதும் நீர் பீய்ச்சும் கருவி?

கடைசியாகச் சொன்னது மட்டும் பரவாயில்லை, ஏனெனில் எதிர்பாராத நேரத்தில் அசைவு, ஓசை, நீர் மூன்றும் சேர்ந்து வருகின்றன. மற்றவை மூன்று நாள் முதல் மூன்று வாரம். ஒரே இடத்தில், ஒரே உடையில், ஒரே நிலையில் நிற்கும் பொம்மை மனிதன் அல்ல என்பதைக் கண்டுபிடிக்க மானுக்குப் பெரிய மூளை தேவையில்லை. பரண் மேல் அமர்ந்து கவண் வீசித் தினைப்புனம் காத்த காலத்தில் அந்தக் காவல் பலித்ததென்றால், காத்தவர்கள் உயிரோடு இருந்தார்கள், கல் எப்போது எங்கிருந்து வரும் என்று தெரியாது. பொம்மையை வைப்பதென்றால் இரண்டு நாளுக்கு ஒரு முறை இடம் மாற்றுங்கள்.

நாய் வளர்த்தால் போதுமா?

இரவில் வெளியே திரியும் நாய் என்றால் மான் வருவது குறையும். வீட்டுக்குள் போர்வைக்கடியில் தூங்கும் நாயால் பயனில்லை. நாய் மானை விரட்டிக் கடிப்பது பல இடங்களில் உரிமையாளர் மீது வழக்காகிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

இளமரத்தின் பட்டை உரிந்து தொங்குகிறது. இதுவும் தின்றதுதானா?

பெரும்பாலும் உரசியது. ஆண்மான் கொம்பின் மேல் போர்த்திய மெல்லிய தோலைக் கழற்றவும், இனப்பெருக்கக் காலத்தில் தன் மணத்தைப் பதிக்கவும் விரல் பருமனிலிருந்து மணிக்கட்டுப் பருமன் வரையுள்ள வழவழப்பான தண்டுகளைத் தேர்ந்தெடுத்து உரசும். பட்டை ஒரு பக்கம் மட்டும் போயிருந்தால் மரம் பிழைக்கலாம். முழுச் சுற்றும் போயிருந்தால் இலைகள் செய்த உணவு வேருக்கு இறங்க வழியில்லை. மரம் மெல்லச் சாகும்.

தண்டைச் சுற்றிக் கம்பி வலைக் கூண்டு அல்லது நெகிழிக் குழாய் போடுங்கள். இளமரக் குழாய்களைப் பிரிட்டனில் 1979இல் கிரஹாம் டூலி என்ற வன ஆய்வாளர் அறிமுகப்படுத்தினார். காற்றும் குளிரும் குறைவதால் கன்று வேகமாக உயர்வதையும் கண்டார்கள். கூண்டு தண்டைத் தொடாமல் சற்று விலகியே நிற்கட்டும், மரம் பருத்ததும் மறக்காமல் கழற்றிவிடுங்கள். மறந்துபோன கம்பி மரத்தின் கழுத்தை நெரிக்கும். மான் செய்யாததை நாம் செய்ததாக ஆகும்.

முயலுக்கு என்ன வேலி?

ஒரு அங்குலத்துக்கு மேல் கண் இல்லாத கம்பி வலை, இரண்டரை முதல் மூன்றடி உயரம், அடியில் அரையடி மண்ணுக்குள் வெளிப்பக்கமாக மடித்தது. முடிந்தது. தோண்டும் முயல் வேலியின் காலடியில்தான் தோண்டும். பின்னால் நகர்ந்து தோண்டலாமே என்று அதற்குத் தோன்றுவதில்லை.

முள்ளம்பன்றியும் காட்டுப்பன்றியும்?

பெயர்தான் ஒன்று, உறவு இல்லை. முள்ளம்பன்றி எலி, அணில் போன்ற கொறித்துண்ணி. இரவில் வந்து கிழங்கைத் தோண்டும், மரத்தின் அடிப்பட்டையைக் கடிக்கும். நெகிழி வலை அதற்கு ஒரு பொருட்டல்ல. தடித்த கம்பி வலையை ஒன்றரை அடி ஆழம் புதைக்க வேண்டும். வட அமெரிக்க முள்ளம்பன்றி வேலியில் ஏறவும் செய்யும். உப்புக்கு ஏங்கும் விலங்கு அது. வியர்வை ஊறிய மண்வெட்டிப் பிடியைக்கூடக் கடித்துத் தின்றுவிடும். கருவிகளை உள்ளே வையுங்கள்.

காட்டுப்பன்றி பெரும்பாலும் தாவுவதில்லை, முட்டித் தள்ளும். சாதாரண வேலியை மூக்கால் தூக்கிவிட்டு உள்ளே வரும். அந்த ஈர மூக்குதான் அதன் பலவீனமும். தரையிலிருந்து 20 சென்டிமீட்டரிலும் 45 சென்டிமீட்டரிலும் இரண்டு மின்கம்பிகள் ஓடினால் முதலில் மூக்குதான் தொடும். மண்ணிலுள்ள புழுவுக்கும் வண்டுப்புழுவுக்கும் வருவதால், மட்கும் குப்பைக் குழியையும் வேலிக்குள் சேருங்கள். உதிர்ந்த பழங்களை அன்றன்றே பொறுக்கிவிடுவது பாதி அழைப்பை நிறுத்தும்.

குரங்கை என்ன செய்வது?

இந்தப் பக்கத்திலேயே எனக்குத் தன்னம்பிக்கை குறைந்த பதில் இது. ஏறும், தொங்கும், தாழ்ப்பாளைத் திறக்கும், பார்த்துக் கற்றுக்கொள்ளும். மேலே கூரையும் மூடிய கம்பிக் கூண்டு ஒன்றுதான் உறுதியானது. காய்கறிக்கு அது சாத்தியம். மாமரத்துக்கு என்ன செய்வது? பழுக்கும் முன்பே பறித்து வீட்டில் பழுக்க வையுங்கள். கூரையையும் மரத்தையும் தொடும் கிளைகளை வெட்டிவிடுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம், தெருவில் யாரும் அதற்குத் தின்பண்டம் கொடுக்காதிருப்பது. ஒரு வீட்டில் வாழைப்பழம் கிடைத்தால் ஒன்பது வீட்டைச் சோதனை போடும். எதிரே வந்துவிட்டால் கண்ணுக்குக் கண் பார்க்காதீர்கள், பல்லைக் காட்டிச் சிரிக்காதீர்கள். அதன் மொழியில் இரண்டும் சண்டைக்கு அழைப்பாகிவிடலாம்.

பறவை, வௌவால், அணிலுக்கு வலை போட்டால் போதுமா?

போதும், வலையைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால். பெரிய கண்ணுள்ள மெல்லிய நைலான் வலையைத் தளர்வாகப் போர்த்தினால் வௌவாலின் சிறகும் பறவையின் காலும் சிக்கிக்கொள்ளும். தரையில் கிடக்கும் மிச்ச வலையில் பாம்பு மாட்டிக்கொண்டு, வெளியேற முயன்று, உடல் அறுபட்டுச் சாகும். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 2021 செப்டம்பர் முதல், வீட்டுப் பழமரங்களில் போடும் வலையின் கண் முழுதாக இழுத்த நிலையிலும் 5 மில்லிமீட்டருக்கு 5 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்பது சட்டம். கடையில் அளவுகோல் தேவையில்லை: விரல் நுழைந்தால் அந்த வலை வேண்டாம். வெள்ளை வலை இரவு விலங்குகளின் கண்ணுக்கும் தெரியும். மரத்தைச் சுற்றிச் சட்டகம் அமைத்து, வலையை அதன் மேல் இழுத்துக் கட்டுங்கள். சில கொத்துகளை மட்டும் காக்க வேண்டுமென்றால் துணிப்பையே போதும்.

யானை வந்தால்?

வீட்டுத் தோட்ட வேலி எதுவும் யானைக்குப் போதாது. தனியாக விரட்டப் போகாதீர்கள், வனத்துறையை அழையுங்கள். விவசாயிகளுக்கு ஒரு செய்தி மட்டும்: கென்யாவில் லூசி கிங் என்ற ஆய்வாளர், யானை தேனீக்கு அஞ்சுவதைப் பயன்படுத்தித் தேன்கூட்டு வேலியை உருவாக்கினார். சுமார் பத்து மீட்டருக்கு ஒன்றாகத் தேனீப் பெட்டிகள் கம்பியில் இணைந்து தொங்கும். யானை கம்பியைத் தள்ளினால் பெட்டிகள் ஆடி, தேனீக்கள் கிளம்பும்.

கொஞ்சம் தீனியைத் தள்ளி வைத்தால் தோட்டத்தை விட்டுவிடுமா?

விடாது, உறவினரையும் கூட்டிக்கொண்டு வரும். தீனியே மானுக்குக் கேடாகவும் முடியும். மான் அசைபோடும் விலங்கு. அதன் இரைப்பையிலுள்ள நுண்ணுயிர்கள் அன்றாடத் தழைக்குப் பழகியவை. திடீரென்று தானியம் நிறையப் போனால் இரைப்பையில் அமிலம் பெருகி, வயிறு நிறைந்த நிலையிலேயே மான் இறந்துவிடுவதுண்டு.

தோட்டத்தில் மான்குட்டி ஒன்று தனியாகப் படுத்திருக்கிறது. அநாதையா?

பெரும்பாலும் இல்லை. தாய்தான் அங்கே படுக்க வைத்துவிட்டு மேயப் போயிருக்கும். குட்டியின் உடலில் வாடை குறைவு. தாய் பக்கத்தில் நின்றால்தான் வேட்டை விலங்குக்குத் துப்புக் கிடைக்கும். பல மணி நேரம் கழித்து, பாலூட்ட வரும். தூக்காதீர்கள், பால் புகட்டாதீர்கள், நாயைக் கட்டிவையுங்கள். காயம் இருந்தாலோ விடாமல் கத்தினாலோ வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

வேலிக்குள் மான் மாட்டிக்கொண்டது. எப்படி வெளியேற்றுவது?

கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு வீட்டுக்குள் போய்விடுங்கள். ஆட்களைக் கூட்டித் துரத்தாதீர்கள். அளவு கடந்த ஓட்டமும் அச்சமும் மானின் தசைகளைச் சிதைத்து, அன்று தப்பித்த மானைச் சில நாள் கழித்துச் சாகடிக்கும். பிடித்து வேறு காட்டில் விடுகிறேன் என்பவர்களுக்கும் இதே பதில்தான். பல நாடுகளில் அது சட்டப்படி குற்றமும் ஆகும். நஞ்சு, சுருக்குக் கண்ணி, வெடி பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளுக்கு இங்கே பதில் கிடையாது.

மான் கடித்த காய்கறியைச் சாப்பிடலாமா? மானால் நோய் வருமா?

கடிபட்ட காயையும் புழுக்கை பட்ட கீரையையும் தூக்கி எறியுங்கள். மற்றவற்றை நன்றாகக் கழுவுங்கள், சமைத்தால் இன்னும் நல்லது. இது வெறும் அருவருப்பு அல்ல. 2011இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஸ்ட்ராபெரி பழங்கள் வழியே ஈ.கோலை கிருமி பரவி உயிரிழப்பும் நேர்ந்தபோது, தோட்டத்தில் கிடந்த மான் புழுக்கையில்தான் மூலம் கண்டுபிடிக்கப்பட்டது.

உண்ணி இன்னொரு கவலை. உண்ணி கடித்துப் பரவும் லைம் நோய் உள்ள பகுதிகளில் வளர்ந்த உண்ணிகள் மானின் இரத்தம் குடித்துப் பெருகுகின்றன. கிருமியை அவை பெறுவதோ பெரும்பாலும் எலி போன்ற சிறு விலங்குகளிடமிருந்து. அதனால் மானை மட்டும் தடுத்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. புல்லை ஒட்ட வெட்டுங்கள், தோட்டவேலை முடிந்ததும் முழங்கால் மடிப்பு, அக்குள், காதின் பின்புறம் பாருங்கள்.

மேய்ந்த செடி பிழைக்குமா?

வேரும் தண்டின் அடியும் இருந்தால் பெரும்பாலும் துளிர்க்கும். பிய்ந்த முனைகளைக் கூரிய கத்தரியால் ஒரு கணுவுக்கு மேலே சுத்தமாக வெட்டிவிடுங்கள், தண்ணீர் விடுங்கள், உரத்தை இரண்டு வாரம் தள்ளிப்போடுங்கள். செம்பருத்தியும் ரோஜாவும் கவாத்து செய்ததுபோல் அடர்ந்து வரும். நுனிக்குருத்து போன பப்பாளிக்கன்று பக்கக் கிளை விட்டுத்தான் வளரும். தரையோடு போன பட்டாணியைப் பிடுங்கிவிட்டு மறுபடி விதையுங்கள். இந்த முறை விதைக்கும் முன்பு கூண்டை வைத்துவிட்டு.